மச்சினனின் மூன்று கேன்கள்

என் முன்னால் ஒரு பரிசோதனைத் தாள் இருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சிட்டதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: தேதி 21.10.2024. மாதிரி, இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீர். மொத்த அளவு 2950 மில்லி. இரத்தத்தில் கிரியாட்டினின் 1.0. சிறுநீரகம் வடிகட்டும் வேகம், நிமிடத்துக்கு 171 மில்லி. அதற்குக் கீழே நீல மையில் என் கையெழுத்து: "எத்தனை மணிக்குத் தொடங்கினான்? எத்தனை மணிக்கு முடித்தான்? எழுதவில்லை."

அந்தச் சிறுநீர் என் மனைவியின் தம்பியுடையது. என் மனைவியின் இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோய், 2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை முதல் அவள் தேனிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். என் சிறுநீரகத்தைக் கொடுக்கலாம் என்றால் எனக்குச் சர்க்கரை, இரத்த வகையும் வேறு. அவளுக்கு ஓ வகை. ராசிங்காபுரத்தில் அவள் வீட்டில் ஓ வகை உள்ளவன் இந்தத் தம்பி ஒருவன்தான். நாற்பத்தாறு வயது, அறுபத்திரண்டு கிலோ, பீடி சிகரெட் கிடையாது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். "எங்கிட்ட ரெண்டு இருக்குல்ல, ஒண்ணை எடுத்துக்கிருங்க" என்று அவனாகவே வந்து சொன்னான். அவனுடையது கொடுக்கத் தகுந்ததா என்று மதுரையில் ஒரு மருத்துவமனையில் சோதிக்கத் தொடங்கினார்கள். அதில் ஒரு சோதனைதான் இந்தத் தாள்.

நான் தபால் நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டு தேதி முத்திரையோடு வாழ்ந்தவன். காலையில் முத்திரையில் தேதியை மாற்றாமல் முதல் கடிதத்தைத் தொட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. போடியில் பெய்யும் மழை, மின்சாரம் போன நேரம், வீட்டுக்கு வந்தவர், போனவர் எல்லாம் நோட்டில் இருக்கும். எங்கள் வீட்டில் இதை ஒரு நோய் என்றுதான் சொல்வார்கள். இருந்தும், முக்கியமான ஒன்றைக் கோட்டை விட்டது அந்த நோட்டுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018 செப்டம்பர் 3, திங்கள். என் மனைவிக்குக் கால் வீங்குகிறது என்று போடியிலேயே இரத்தம் சோதித்தோம். கிரியாட்டினின் 1.3. பக்கத்தில் "இயல்பு: 0.6 முதல் 1.4 வரை" என்று போட்டிருந்தது. நான் சீட்டை நோட்டில் ஒட்டி, கீழே "இயல்பு" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த அடிக்கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கிரியாட்டினின் என்பது தசை வேலை செய்வதால் உண்டாகும் கழிவு. ஒருவருக்கு ஒரு நாளில் ஏறக்குறைய ஒரே அளவுதான் உண்டாகும். சிறுநீரகம் நன்றாக வடித்தால் இரத்தத்தில் குறைவாக இருக்கும், வடிக்காவிட்டால் தேங்கும். அதனால் அது தேங்குவதை வைத்துச் சிறுநீரகத்தை அளக்கிறார்கள். ஆனால் மலையில் மூட்டை தூக்கும் ஆளுக்கும், ஐந்தடி உயரம்கூட இல்லாத, நாற்பத்தெட்டுக் கிலோ எடையுள்ள என் மனைவிக்கும் தசை ஒன்றா? அவளுக்கு உண்டாவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் 1.3 அளவுக்குத் தேங்கியிருக்கிறது என்றால் வடிகட்டி பாதி போய்விட்டது என்று பொருள். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு சூத்திரம் இருக்கிறது. பின்னாளில் நான் அதில் அவளுடைய 51 வயதையும் 1.3-ஐயும் போட்டுப் பார்த்தேன். ஐம்பது வந்தது. தொண்ணூறோ நூறோ வரவேண்டிய இடத்தில் ஐம்பது. எல்லாருக்கும் ஒரே வரம்பை அச்சடித்த அந்தச் சீட்டில் ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை. நானும் "இயல்பு" என்று எழுதினேன். பாதிக்கு மேல் கெடும்வரை இந்த எண் வாயைத் திறக்காது என்பதை அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இரத்தம் சிறுநீரகத்துக்குள் போனதும் பத்து லட்சம் சிறு முடிச்சுகளில் புகுகிறது, ஒவ்வொரு பக்கமும் பத்து லட்சம். ஒவ்வொரு முடிச்சும் மெல்லிய குழாய்களின் சுருள். இரத்தத்தின் அழுத்தத்தில் நீரும், உப்பும், சர்க்கரையும், கழிவும் அந்தச் சுவர் வழியாகக் கசிந்து வெளியே வருகின்றன. இரத்த அணுக்களும் புரதமும் பெரியவை, அவை உள்ளேயே நின்றுவிடும். எங்கள் ஊர்க்காரருக்கு இதைப் புரியவைக்க, ஏலக்காயைக் காயவைத்து மூட்டை கட்டும் ஸ்டோரில் இருக்கும் சல்லடை போதும். காய்ந்த ஏலக்காயைச் சலித்தால் எட்டு மில்லிமீட்டர் பருமன் உள்ள காய் மேலே நிற்கும், பொடிக்காய் கீழே விழும். ஆனால் சிறுநீரகம் அதற்குமேல் ஒன்று செய்கிறது. கீழே விழுந்ததில் தேவையானதைத் திரும்பப் பொறுக்கி எடுத்து இரத்தத்தில் சேர்க்கிறது. ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர் கசிகிறது, வெளியே போவது ஒன்றரை லிட்டர்தான். மீதியெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டது. நிமிடத்துக்கு எத்தனை மில்லி கசிகிறது என்பதுதான் அந்த வேகம். நல்ல ஆளுக்கு நூறு, நூற்றிருபது.

அதை அளக்க ஒரு வழி, ஒரு நாள் முழுவதும் கழியும் சிறுநீரை ஒரு துளி விடாமல் சேர்த்து, அதில் எவ்வளவு கிரியாட்டினின் வெளியே வந்திருக்கிறது என்று பார்ப்பது. அன்றே இரத்தமும் எடுப்பார்கள். இரண்டையும் வைத்து வகுத்தால் வேகம் தெரியும். சேர்க்கும் முறை எளிது. காலையில் எழுந்ததும் முதலில் போவதைக் கழிப்பறையிலேயே விட்டுவிட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு போவதெல்லாம் கேனில். மறுநாள் அதே நேரத்தில் கடைசியாகப் போய் அதையும் கேனில் சேர்க்க வேண்டும். இதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் நேரம் தவறினால் எல்லாம் தவறு. மருத்துவமனைப் பெண் இதை அவனிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். வெள்ளைக் கேன் ஒன்றைக் கொடுத்தாள். மூன்று லிட்டர் கொள்ளும். அவன் "சரிம்மா, சரிம்மா" என்று ஏழு தடவை சொன்னான். நான் எண்ணினேன்.

அக்டோபர் 21 மாலை, முடிவு கைபேசிக்கு வந்தது. மருத்துவமனைப் பெண்ணே கூப்பிட்டு, "நூத்தி எழுபத்தொண்ணு சார், சூப்பரா இருக்கு. டாக்டர் இருபத்தெட்டாம் தேதி பார்ப்பாங்க" என்றாள். என் மனைவி அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் போய், "என் தம்பிக்கு எரநூறுக்குக் கிட்டக்க இருக்காம், ஆம்பளைக்கு நூறு இருந்தாலே போதுமாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வீட்டுக்காரி மகிழ்ச்சியில் ஒரு சொம்பு இளநீர் கொண்டுவந்தாள். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "கிட்னிக்கு இளநி நல்லதுதானே சார், குளிர்ச்சிதானே" என்றாள் அவள், எட்டு மாதமாகச் சொல்வதைப் போலவே. அந்தச் சொம்பை நான்தான் குடித்தேன். எனக்கோ சர்க்கரை.

எனக்கு அந்த 171 பிடிக்கவில்லை. நூற்றெழுபத்தொன்று வடிக்கும் மனிதனைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. 23-ஆம் தேதி காலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாள் ஒன்றுக்கு ஒரு ஆண் கிலோவுக்கு இருபது, மிஞ்சினால் இருபத்தைந்து மில்லிகிராம் கிரியாட்டினின் வெளியேற்றுவான். சேகரிப்பு முழுமையானதா என்று பார்க்க மருத்துவர்களே வைத்திருக்கும் அளவுகோல் அது. அறுபத்திரண்டு கிலோ ஆளுக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பதிலிருந்து ஆயிரத்து ஐந்நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டும். தாளில் இருந்த எண்களைப் பெருக்கினால் இரண்டாயிரத்து நானூற்று அறுபதுக்கு மேல் வந்தது. கிலோவுக்கு நாற்பது. அந்தக் கேனில் இருந்தது ஒரு நாள் சிறுநீர் இல்லை, அதற்கும் மேல்.

அவனைக் கூப்பிட்டால் தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது. காய் எடுப்பு உச்சத்தில் இருந்த மாதம் வேறு. ஞாயிற்றுக்கிழமை, 27-ஆம் தேதி, தீபாவளிக்குத் துணி எடுக்க இறங்கி வந்தான். அக்கா பணியாரம் சுட்டுப்போட்டாள். அவன் நான்காவது பணியாரத்தில் இருந்தபோது கேட்டேன்.

"மாப்ளே, கேனை எப்ப ஆரம்பிச்ச?"

"வெள்ளிக்கெழம மச்சான்."

"எத்தனை மணிக்கு?"

"காலையிலதான்."

"எப்ப முடிச்ச?"

"ஞாத்துக்கெழம காலையில. திங்கக்கெழம வெள்ளென மதுரைக்குக் கொண்டு போனேன்ல."

"வெள்ளி, சனி. ரெண்டு நாளாச்சேய்யா. அந்தப் பொண்ணு ஒரு நாளுன்னுதானே சொல்லுச்சு?"

அவன் பணியாரத்தைத் தட்டில் வைத்தான். "ஒரு நாளுல பாதிதான் ஆச்சு மச்சான். பாதிக் கேனைக் கொண்டுபோய் எப்பிடிக் குடுக்குறது? அரைகுறை மூட்டையை எவன் ஜீப்புல ஏத்துவான்? நெறைஞ்சாத்தானே எடை போடுவாக."

இதைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அவன் சொன்னதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. பதினெட்டு வயதிலிருந்து ஸ்டோரில் நிற்பவன். அங்கே மூட்டை நிறையாமல் வாயைத் தைக்க மாட்டார்கள். நிறையாத மூட்டை அடுத்த நாள் காய்க்காக மூலையில் காத்திருக்கும். கேன் நிறையாதவரை அது சோதனைக்குரிய மாதிரி ஆகும் என்று அவன் நம்பவில்லை. நாள் என்பது அவனுக்குக் கணக்கே இல்லை, கொள்ளளவுதான் கணக்கு.

"அப்ப அது தப்பு" என்றேன். "நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லணும்."

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் பணியாரக் கம்பி.

"என்ன சொல்லணும்?"

"ரெண்டு நாளுது இது. பாதிதான் இவனுது. எண்பத்தஞ்சு இருக்கும், இல்லாட்டி அதுக்கும் கீழ இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"தெரியாது. அதனாலதான் மறுபடி எடுக்கணும்."

"அந்த நூத்தி எழுபத்தொண்ணை அப்பிடியே விட்டா என்னங்க ஆகும்?"

நான் சொன்னேன். ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது கொஞ்சம் பெருத்து, இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்யும். தொடக்கத்திலேயே குறைவாக இருந்தால் அந்த மூன்றில் இரண்டு போதாது. பிறகு தேனிக்குச் செவ்வாய்க்கிழமை அக்காவும் வெள்ளிக்கிழமை தம்பியுமாகப் போகவேண்டி வரும். இதை நிதானமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் அப்படி நினைக்கவில்லை.

"நீங்க எழுத ஆரம்பிச்சதுல இருந்துதான் எனக்கு எல்லாம் வந்துச்சு" என்றாள். "அந்த நோட்டை அடுப்புல வச்சா எனக்குப் பாதி வியாதி போயிரும்."

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் வேணும்னா இன்னொரு கேன் பிடிச்சுத் தர்றேன் ஆத்தா. அதுக்கு ஏன் சண்டை?" என்றான். தன் அக்காவை அவன் சிறு வயதிலிருந்தே ஆத்தா என்றுதான் கூப்பிடுவான். பதினோரு வயது மூத்தவள் அவள்.

மறுநாள் மதுரையில் டாக்டர் நான் சொன்னதைக் கேட்டு, தாளைப் பார்த்து, "ஆமா, இது அதிகம்தான், நானும் திரும்ப எடுக்கத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். சொல்லியிருப்பார், நம்புகிறேன். "தொண்ணூறுக்கு மேல இருந்தா யோசிக்க வேண்டியதில்லை. அறுபதுக்குக் கீழ இருந்தா தொட மாட்டோம். நடுவுல இருந்தா வயசு, பிரஷர், எல்லாம் பார்த்துத்தான் முடிவு. கதிரியக்க ஸ்கேன் ஒண்ணு இருக்கு, அது சரியாச் சொல்லிடும், ஆனா அதுக்குத் தேதி கிடைக்க நாளாகும். அதுக்குள்ள ஒழுங்கா ஒரு சேகரிப்பு கொண்டுவாங்க" என்றார்.

ஒழுங்காக ஒரு சேகரிப்பு. இருபத்துநான்கு மணி நேரம் ஒரு மனிதன் சிறுநீர் கழிப்பதை எழுதிவைக்கும் வேலை, இவ்வளவுதான்.

இரண்டாவது கேனுக்கு நான் தாளே அடித்துக் கொடுத்தேன். நேரத்துக்கு ஒரு கட்டம், அளவுக்கு ஒரு கட்டம். நவம்பர் 9, 10 என்று நாளும் குறித்தோம். 11-ஆம் தேதி திங்கட்கிழமை அவன் கேனோடும் தாளோடும் மதுரையில் வந்து நின்றான். தாளில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. கையெழுத்து ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தது. காலை 6, 8, 10, 12, 2, 4. மனித உடம்பு கடிகாரம் பார்த்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இயங்குமா? எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. முடிவு வந்தது. அளவு 900 மில்லி. வேகம் 44.

நாற்பத்துநான்கு என்ற எண்ணைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கு எனக்கு மறக்கவில்லை. அறுபதுக்குக் கீழே தொடமாட்டோம் என்று டாக்டர் சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தது.

"எனக்கும் போச்சா மச்சான்?"

மருத்துவமனை வாசலில், பெஞ்சில் உட்கார்ந்து கேட்டான். அக்காவுக்குக் கொடுக்க வந்த தனக்கே இன்னொருவர் சிறுநீரகம் தேவைப்படுமோ என்ற பயம். நான் கணக்கைப் போட்டுக் காட்டினேன். முழு நாளைக்கு அறுநூற்றுச் சொச்சம் மில்லிகிராம், கிலோவுக்குப் பத்து. உன்னைப் போன்ற ஆளுக்கு இருபது வரவேண்டும். பாதி எங்கேயோ போய்விட்டது. "எங்க விட்ட, சொல்லு."

அப்போதுதான் சொன்னான். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தோட்டத்துக்கு விடுமுறை இல்லை. காய் பழுத்துவிடும் என்று வேலை வைத்திருந்தார்கள். சனிக்கிழமை விடியலில் ஜீப்பில் ஏறும்போதே கேன் மடியில் இருந்திருக்கிறது. காய் எடுக்கப் போகும் பெண்கள் பன்னிரண்டு பேர் அந்த ஜீப்பில். தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் அதே மாதிரிக் கேனில்தான் வரும்.

"என்னண்ணே, இன்னைக்கு மருந்தடிப்பா? சொல்லவே இல்ல" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

"மருந்தில்லத்தா. சும்மா கேன்."

"சும்மா கேனை மடியில வச்சு யாரு கொண்டாருவா? மூடியைத் திறங்க, மோந்து பாப்போம்."

"விடுங்கடி, அண்ணே வீட்டுல இருந்து கள்ளு கொண்டாந்திருக்காரு. பங்கு கேப்பம்னு பயப்புடுறாரு" என்று இன்னொருத்தி சொல்ல, ஓட்டுநர் வேறு, "எனக்கு ஒரு கிளாசு எடுத்து வைங்கண்ணே" என்று சேர்ந்துகொண்டிருக்கிறார். போடிமெட்டு வரும்வரை சிரிப்பு. அவன் கேனைக் கொண்டுபோய் ஸ்டோரில் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். பகல் முழுவதும் அவன் வேலை சரிவில், பெண்களுக்கு நடுவில். ஸ்டோருக்குத் திரும்ப இருபது நிமிட ஏற்றம். அவசரம் வந்தபோது ஏலச்செடிக்கு மறைவாக எங்கே ஒதுங்குவானோ அங்கேயே ஒதுங்கிவிட்டான். கேனில் சேர்ந்தது காலையும் இரவும் கழிந்தது மட்டும்.

"அப்ப தாள்ல எழுதியிருந்தது?"

"நீங்க கட்டம் போட்டுக் குடுத்தீகளே மச்சான். வெறுமனே விட்டா ஏசுவீகன்னு நிரப்புனேன்."

அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் யாரைத் திட்டுவது? இந்தச் சோதனையை வகுத்தவர்கள் வீட்டில் கழிப்பறையும், மேஜையும், நாள் முழுவதும் சும்மா இருக்கும் ஒரு மனிதனும் இருந்திருக்க வேண்டும். சரிவில் பன்னிரண்டு பெண்களின் பார்வையில் நாள் முழுவதும் நிற்கும் ஆண் என்ன செய்வான் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதை யாருமே நினைத்துப் பார்ப்பதில்லை. அவர்கள் காலையில் ஜீப்பு ஏறியதிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று அவன்தான் பிறகொரு நாள் சொன்னான். ஒதுங்க இடமில்லாததால் குடிப்பதில்லை. அவர்களுடைய எண் என்ன என்று எந்தத் தாளிலும் இல்லை.

இதற்குள் என் மனைவிக்கு எடை கூடிக்கொண்டிருந்தது. உடம்பில் நீர் தேங்கும் எடை. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் மூன்று கிலோ ஏறுகிறது, ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்காதே என்றார்கள். தாகம் எடுத்தால் பனிக்கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்ப்பாள். எண்ணூறு மில்லி எடுத்தால் நான் எழுதுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள், "நூத்தி எழுபத்தொண்ணுன்னப்ப நல்லா இருந்துச்சு" என்றாள். பொய்யென்று தெரிந்தும் அவள் அதைச் சொன்னாள்.

மூன்றாவது கேனை என் வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அவனுக்கு ஒரு நாள் விடுப்பு வாங்கச் சொன்னேன். நவம்பர் 24, ஞாயிறு காலை 6.10-க்கு முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டான். நான் கதவுக்கு வெளியே கைக்கடிகாரத்தோடு நின்றேன். கேனைக் குளியலறையில் வைத்தேன், நோட்டைக் குளியலறைக் கதவில் நூலால் கட்டினேன்.

"மச்சான், செயில்ல கூட இப்பிடி நிக்க மாட்டாக" என்றான்.

"நீ செயிலுக்குப் போயிருக்கியா?"

"இப்ப இருக்கேன்ல."

முதல் நாள் ஆட்டுக்கறி சாப்பிடாதே என்றும் சொல்லியிருந்தேன். சமைத்த இறைச்சி கிரியாட்டினினைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அக்கா அவனுக்காக எடுத்துவைத்திருந்த கறி, பக்கத்து வீட்டுக்குப் போனது. இதற்கும் எனக்குத்தான் ஏச்சு.

என் நோட்டில் அன்றைய பதிவு அப்படியே இருக்கிறது. காலை 8.35, 250 மில்லி. 11.05, 220. பிற்பகல் 1.40, 200. மாலை 7.30, 310. பிறகு இரவு இரண்டு, திங்கள் காலை 6.10-க்குக் கடைசி ஒன்று. கூட்டினால் 1650. 6.10 வரை இருக்க வேண்டியிருந்ததால் ஐந்தரை மணிப் பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில் மதுரைக்குப் போய்க் கொடுத்தோம்.

பிற்பகல் 1.40-க்கும் மாலை 7.30-க்கும் இடையில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். அதில் 3.20 முதல் 5.05 வரை அவன் வீட்டில் இல்லை. ஸ்டோர் சாவி அவன் பையில் வந்துவிட்டது, திங்கட்கிழமை காலை கிளம்பும் முதல் ஜீப்பிலேயே அது மேலே போயாக வேண்டும் என்று ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனான். நான் கூடவே கிளம்பியிருப்பேன். என் மனைவிக்கு அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, அவளை விட்டு நகர முடியவில்லை. அவன் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"நடுவுல எங்கயாச்சும் போனியா?"

"இல்ல மச்சான்."

"நெசமா?"

"எத்தனை தடவை கேப்பீக? போகல. டீ குடிச்சேன், சாவியைக் குடுத்தேன், வந்தேன்."

எழுதினேன்: "3.20 – 5.05 வெளியே. போகவில்லை என்கிறான்."

முடிவு 26-ஆம் தேதி வந்தது. வேகம் 76. கிரியாட்டினின் கிலோவுக்குப் பதினேழு புள்ளி ஏழு. இது பாதி விட்ட சேகரிப்பு இல்லை, ஆனால் முழுமையானது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லவும் முடியாது. ஒரே ஒரு தடவை விட்டுப்போயிருந்தால், ஒரு நூற்றைம்பது மில்லி, எண் எண்பத்துமூன்று பக்கம் போகும். டாக்டர் இரண்டையும் கேட்டுவிட்டு, "எண்பத்துமூணுன்னா இந்த வயசுக்கு எனக்குப் பெரிசாக் கவலை இல்லை. எழுபத்தாறுன்னா ஆபரேஷனுக்கு அனுமதி தர்ற கமிட்டியில கேள்வி வரும். ஸ்கேன் வரட்டும்" என்றார். ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்கிறோம். இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. தேனிப் பயணம் நிற்கவில்லை, செவ்வாயும் வெள்ளியும்.

என் மனைவி மட்டும் தினமும் காலையில் ஒரே கேள்வி கேட்கிறாள்.

"எழுபத்தாறா, எண்பத்துமூணா?"

தெரியாது என்றால், "இவ்வளவு எழுதியுமா?" என்கிறாள்.

அதனால் டிசம்பர் 2, திங்கள் மாலை, ஜீப்பு ஸ்டாண்டுக்கு நானே போனேன். சாவியை வாங்கிக்கொண்ட ஓட்டுநர் தேநீர்க்கடையில் இருந்தார். நவம்பர் 24-ஆம் தேதி பிற்பகல் என் மச்சினன் இங்கே வந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினானா என்று கேட்டேன். அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

"ஒண்ணுக்குப் போனதுக்குச் சாட்சி கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான் சார்."

"விசயம் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

"சாவியைக் குடுத்தாரு. ரெண்டு டீ குடிச்சாரு. வடையும் தின்னாரு, நாந்தான் வாங்கிக் குடுத்தேன். அதுக்கப்புறம் நான் வண்டிக்குக் காத்துப் பிடிக்கப் போயிட்டேன். இங்க டீ குடிச்ச ஆம்பளைக எல்லாரும் அந்தச் செவருகிட்டதான் போவாக. அவரும் போயிருப்பாரு. போகாமயும் இருந்திருப்பாரு. நான் பாத்தேன்னு சொன்னா அது பொய்யாப் போகும்."

டீ குடித்தேன் என்று மட்டும்தான் அவன் சொன்னான், இரண்டு என்று இவர் சொல்கிறார். அதைக் குறித்துக்கொண்டேன். அன்றே மச்சினனை மறுபடி கேட்டேன். போகவில்லை என்றுதான் இன்னும் சொல்கிறான். ஆனால் இப்போது சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிறான். 2024 நவம்பர் 24 அன்று 3.20-க்கும் 5.05-க்கும் இடையில் கேனுக்கு வெளியே ஏதாவது போனதா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.